மெசின் வருகுதாம்

வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது, அதுவும் நல்ல காரியத்துக்கு வருகிறது என்னும்போது "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்கிறவனை ஊரில் யாருக்கும் பிடிக்காது. சில மாதங்களாக அந்த ஆள் நான்தான். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள், பெரும்பாலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள், சேர்ந்து ஒரு தொகை திரட்டுகிறார்கள். நடக்க முடியாத பிள்ளைகளை நடக்க வைக்கும் ரோபோ ஒன்றை வாங்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது திட்டம். மோட்டார், கியர், சென்சர் என்று ஓய்வு பெறும்வரை படிப்பித்தவன் நான். கைகால் சொல்வழி கேட்காத பெருமூளை வாதம் உள்ள பிள்ளை ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. ஆகவே எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து வட்ஸ்அப் குழுவில் எனக்கு "பிறேக் மாஸ்ரர்" என்று பெயர்.

அவர்கள் அனுப்பிய வீடியோவைப் போல ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்னப் பெண்பிள்ளை. இடுப்பிலும் தொடையிலும் பட்டிகள், கால்களின் இரு பக்கமும் மோட்டார் வைத்த கம்பிகள். கால் தூக்கி எட்டு வைக்கிறது. தாய் அழுகிறார். பின்னால் வயலின். என் மருமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, இந்த மாதிரி வீடியோக்களை ஆட்கள் மாறி மாறி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். "கவலைப்படாதை பிள்ளை, விஞ்ஞானம் வளருது" என்று ஒருவர் கீழே எழுதியும் இருந்தார். அவளுடைய மகனுக்கு ஏழு வயது. இணுவிலில் வீடு. பிடித்து நிறுத்தினால் கொஞ்ச நேரம் நிற்பான், தானாக நடந்தது கிடையாது. பேச்சுத் தெளிவில்லை, கள்ளம் மட்டும் நிறைய. வீடியோ வந்தால் அவள் ஒரு கும்பிடுகிற கையைப் பதிலாகப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள்.

கால் தூக்கும் மோட்டார்கள்

தொழில் பழக்கம், நான் முதலில் மெசினைத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஆசையும் வந்தது. இந்த வரிசையில் மூத்தது சுவிற்சர்லாந்தின் லோகோமட். சூரிச்சில் உள்ள பல்கிறிஸ்ற் வைத்தியசாலையில் கெரி கொலம்போ என்ற பொறியியலாளரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. 2000களின் தொடக்கத்தில் ஹொக்கோமா நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ட்ரெட்மில்லுக்கு மேலே பிள்ளையைப் பட்டிகளில் தொங்கவிட்டு, உடல் பாரத்தில் ஒரு பங்கை மேலே தாங்கிப் பிடித்துக்கொள்வார்கள். இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் நடையின் ஒழுங்கில் கால்களை அசைக்கும். கணுக்காலுக்கு மோட்டார் இல்லை. முன்பாதம் தொங்கி இடறாமல் ஒரு இழுபட்டி தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். சிறுவர்களுக்கான தனிக் கால்கள் பிறகு வந்தன. தொடை எலும்பு 21 முதல் 35 சென்ரிமீற்றர் நீளம் உள்ளவர்களுக்கு அவை பொருந்தும். அதற்கு மேல் வளர்ந்தால் பெரியவர்களுக்கான கால்களை மாட்ட வேண்டும். விலை எங்கள் காசில் பல கோடி, நிறுத்துவதற்குத் தனி அறை வேறு.

கனடாக்காரர்களின் மனதில் இருந்தது அவர்கள் ஊர்ச் சரக்கான ட்ரெக்சோ. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த மன்மீத் மாகுவும் ராகுல் உதாசியும் தொடங்கிய நிறுவனம். மாகுவின் குடும்பத்தில், இந்தியாவில், பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளை இருந்ததுதான் தொடக்கம். ரிஃப்ரன் நிறுவனத்தின் பேசர் என்ற சில்லு வைத்த நடைச் சட்டம் உலகம் முழுவதும் புழக்கத்தில் உள்ளது. அதில் இரண்டு ரோபோக் கால்களைப் பூட்டியிருக்கிறார்கள். ட்ரெட்மில் வேண்டாம், தரையிலேயே போகலாம். மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று கூட்டலாம், குறைக்கலாம். பிள்ளை எத்தனை எட்டு வைத்தது என்று டப்லெட் கணக்கு வைக்கும். புத்தியான வேலை. ஏற்கெனவே உள்ள நல்ல சட்டத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கப் போகாமல் அதன் மேலேயே கட்டியிருக்கிறார்கள் என்பதற்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

நோர்வேயில் இன்னோவோக் என்று ஒன்று இருக்கிறது. எழுந்து நிற்கவே முடியாத பிள்ளையை நிமிர்த்தி வைத்து, மோட்டாரால் காலை அசைத்துக் கொடுக்கும். அது எங்கும் போகாது, போகும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. ஸ்பெயினில் எலேனா கார்சியா அர்மாடா என்ற பெண் பொறியியலாளர், விபத்தில் உடல் செயலிழந்த ஒரு சிறுமியைச் சந்தித்த பிறகு சிறுவர்கள் உடம்புக்கு வெளியே அணிந்துகொள்ளும் வெளிச்சட்டக ரோபோ ஒன்றைச் செய்தார். அட்லஸ் 2030 என்று பெயர். 2022இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதில் மக்கள் வாக்களித்துத் தரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. இதையெல்லாம் குழுவில் போட்டபோது எல்லோருக்கும் சந்தோசம். அடுத்து எழுதியதுதான் பிடிக்கவில்லை.

கோளாறு இருப்பது காலில் இல்லை

பெருமூளை வாதம் என்பது மூளையில் ஒருமுறை விழுந்த காயம். பிறப்பதற்கு முன்னோ, பிறக்கும்போதோ, பிறந்து கொஞ்சக் காலத்துக்குள்ளோ விழுகிறது. அந்தக் காயம் வளராது. ஆனால் பிள்ளை வளரும். இறுகிய தசை எலும்பின் வேகத்துக்கு நீளாமல் பின்தங்கும், மூட்டுகள் மடங்கும், இடுப்பு எலும்பு மெல்ல விலகும். ஆகவே காலை வெளியிலிருந்து அசைத்துவிட்டால் மூளை நடையைக் கற்றுக்கொள்ளுமா என்பதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி. எவரோ மிதிக்கிற சைக்கிளில் பின் கரியரில் இருந்து போகிறவனுக்குக் கால் வலுக்காது. மோட்டார் முழு வேலையையும் எடுத்துக்கொண்டால் பிள்ளையின் உடம்பும் சும்மா இருந்துவிடும். ரோபோ செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் தேவைக்கு மட்டும் உதவும் கட்டுப்பாட்டு முறைகளை எழுதுகிறார்கள்.

இந்த விஷயத்தில் என் மனதுக்குப் பிடித்த ஆய்வு 2017இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து வந்தது. சக்கரி லேர்னர், தொமஸ் புலியா முதலியோர் செய்தது. முழங்கால் மடிந்து குந்தினாற்போல நடக்கும் பிள்ளைகள் ஏழு பேர். முழங்காலில் ஒரு சின்ன மோட்டார். அது காலை நடத்திக் கூட்டிக்கொண்டு போகாது. நடையில் சரியான தருணம் வரும்போது முழங்காலை நிமிர்த்துவதற்கு ஒரு உந்தல் கொடுக்கும், மிச்சம் பிள்ளையின் பாடு. ஆறு பேருக்கு முழங்கால் நன்றாக நிமிர்ந்தது. முக்கியமான சங்கதி, மோட்டார் உதவியபோதும் அவர்களுடைய சொந்தத் தசை வேலை செய்வதை நிறுத்தவில்லை. ஆனால் இந்த ஏழு பேரும் ஏற்கெனவே நடப்பவர்கள். மருமகளின் மகன் அந்த வரிசையில் இல்லை.

பெரிய ரோபோக்களைப் பற்றிய ஆய்வுகளையும் வாசித்தேன். வேகம் கொஞ்சம் கூடியது, நிற்பது கொஞ்சம் மேம்பட்டது என்று சில சொல்கின்றன. பெரும்பாலும் பிள்ளைத் தொகை குறைந்த ஆய்வுகள், முடிவுகளும் ஒரே திசையில் நிற்கவில்லை. அதே அளவு நேரம், அதே தீவிரத்தில் ஒரு நல்ல இயன்மருத்துவர் (பிசியோ) பயிற்சி கொடுத்தால் அதைவிட ரோபோ மேல் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அவுஸ்திரேலியாவின் அயோனா நோவக் 2013இல் பெருமூளை வாதச் சிகிச்சைகளை எல்லாம் எடைபோட்டு, வீதி விளக்குப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டி ஒரு கட்டுரை எழுதினார். பச்சையில் நின்றவற்றில் பல, காசு குறைந்தவை: பிள்ளை தானே செய்ய விரும்பும் ஒரு காரியத்தை இலக்காக வைத்துப் பயிற்றுவது, வீட்டிலேயே செய்யும் பயிற்சித் திட்டம், இடுப்பு மூட்டை ஒழுங்காகக் கண்காணிப்பது. சுவீடனில் 1994இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டத்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, விலகத் தொடங்கும் இடுப்பை நேரத்தோடு பிடித்தார்கள். இடுப்பு முற்றாகக் கழன்றுபோவது அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. எக்ஸ்ரே படத்துக்கு யாரும் வயலின் வாசிப்பதில்லை.

இதை எழுதியதும் மிசிசாகாவிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப எங்கட பிள்ளையளுக்கு நல்ல சாமான் வேண்டாம் எண்டு சொல்லுறியளோ, அண்ணை?" அந்தக் கேள்வி நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு எப்போதும் இரண்டாம் தரம் போதும் என்று பிறர் தீர்மானிப்பதைக் காலம் காலமாகப் பார்த்தவர்கள் நாங்கள். அதே வேலையை நானும் செய்கிறேனோ என்ற உறுத்தல் அன்றிரவு இருந்தது, இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

மிஸ் கீறிக் காட்டிய கோடு

ஒரு கிளினிக் நாளில் மருமகளோடு நானும் போயிருந்தேன். ரோபோக் கதையை பிசியோ மிஸ்ஸிடம் எடுத்தேன். சின்ன வயதுப் பிள்ளை, கெட்டிக்காரி. ஒரு கொப்பித் தாளை எடுத்து ஐந்து கோடுகள் கீறினார். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ரொபேட் பலிசானோ, பீற்றர் றோசன்பாம் ஆகியோர் 1997இல் இந்தப் பிள்ளைகளின் அசைவுத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். முதலாம் நிலைப் பிள்ளை ஓடும், ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தி வைப்பதே பாடு. 2002இல் ஒன்ராறியோவின் 657 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்து, ஒவ்வொரு நிலையும் வயதோடு எப்படி வளர்கிறது என்று கோடு கீறினார்கள். எல்லாக் கோடும் முதலில் செங்குத்தாக ஏறிப் பிறகு சரிந்து படுக்கின்றன. தான் எட்டக்கூடிய அசைவுத் திறனில் 90 வீதத்தை, முதலாம் நிலைப் பிள்ளை ஐந்து வயதுக்குச் சற்று முன்பும் ஐந்தாம் நிலைப் பிள்ளை மூன்று வயதுக்கு முன்பும் எட்டிவிடுகிறது. 2009இல் வந்த தொடர்ச்சி இன்னும் கடினமானது. மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைப் பிள்ளைகள் பதின்ம வயதை நோக்கிப் போகும்போது இருந்த திறனிலும் கொஞ்சத்தை இழக்கிறார்கள்.

நான்காவது கோட்டில் பேனையை வைத்து "தம்பி இஞ்ச நிக்கிறார்" என்றார் மிஸ். ஏழு வயதுக்கு நேரே கோடு ஏறக்குறையப் படுத்திருந்தது. நான் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, கன நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு இது தெரியும் மிஸ்" என்றாள். "ஒருத்தரும் கீறிக் காட்டேல்ல, அவ்வளவுதான்." அவன் கைக்குழந்தையாக இருந்தபோது "சில பிள்ளையள் சுணங்கித்தான் நடக்கும், உன்ர அப்பப்பாவும் அப்பிடித்தான்" என்று சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சொல்லிக் கழித்த காலத்தை அவள் அந்த இடத்தில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் அந்தச் சுற்றியிருந்தவர்களில் ஒருவன்தான்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அவள் பேசியது முழுக்கக் கணக்கு. "மெசின் யாழ்ப்பாணம் டவுனிலதானே வைப்பினம். கிழமைக்கு மூண்டு நாள் எண்டாலும் போய்வாற ஓட்டோக் காசு ஆர் தாறது? அந்த மூண்டு நாளும் நான் வேலைக்குப் போறேல்லையோ? அவனும் பள்ளிக்கூடம் போறேல்லையோ?" கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில் சொன்னாள்: "மாமா, அவன் நாள் முழுக்க நாங்கள் வைச்ச இடத்திலயே இருக்கிறான். விறாந்தையில வைச்சா விறாந்தை, கட்டிலில வைச்சா கட்டில். அதுக்கு ஏதாவது மெசின் இருக்கோ?"

படலைவரை ஒரு ஓட்டம்

அதற்கு மெசின் இருந்தது. டெலவெயர் பல்கலைக்கழகத்தில் கோல் கலோவே என்ற இயன்மருத்துவப் பேராசிரியர் 'கோ பேபி கோ' என்று ஒரு திட்டம் நடத்தினார். கடையில் விற்கும் பற்றரி விளையாட்டுக் கார்களை எடுத்து, நடக்க முடியாத குழந்தைகள் ஓட்டுவதற்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் அது. கால் மிதியை எடுத்துவிட்டுக் கையால் அமத்தும் பெரிய பட்டன், முதுகுக்கு பி.வி.சி. குழாயில் ஒரு தாங்கி, மென்மைக்கு ஸ்பொஞ்ச். படங்கள் இணையத்தில் கிடக்கின்றன. அந்தக் காரின் மிதி என்பது உண்மையில் ஒரு சுவிச் மட்டுமே. வயரை நீட்டி வேறு இடத்தில் சுவிச் வைப்பதற்கு என்னிடம் படித்த முதலாம் ஆண்டுப் பெடியன் போதும்.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று லீவில் வந்தபோது வாங்கி ஓடிவிட்டு விட்டுப் போன கார் ஒன்று உரும்பிராயில் ஒரு வீட்டின் பத்தியில் கிடந்தது. சிவப்பு நிறம், பற்றரி செத்துப்போய். எடுத்து வந்து புதுப் பற்றரி போட்டேன். பின் சில்லுகள் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். அவற்றைத் தொடரில் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி அழுத்தமே போகும், வேகமும் பாதியாகும். வலது கைதான் அவனுக்குச் சொல்வழி கேட்கும். ஆகவே பட்டனை வலது பக்கம் வைத்தேன். ஆபத்துக்கு நிறுத்த, பின்னால் நிற்பவர் கைக்கு எட்டும் இடத்தில் இன்னொரு சுவிச். தாங்கியின் உயரத்தையும் நெஞ்சுப் பட்டியையும் மிஸ் சொன்ன அளவுக்கு மாற்றினேன், ஏனென்றால் முதலில் நான் கட்டியது அவனை ஒரு பக்கம் சரித்தது.

முற்றத்தில் விறாந்தைக்கு முன்னால் அவனை ஏற்றி வைத்தோம். பட்டனில் கையை வைத்தான். கார் ஒரு சாண் அசைந்தது. கையை எடுத்தான், நின்றது. எங்களைப் பார்த்தான். திரும்பவும் அமத்தினான். தான் செய்ததால்தான் அசைகிறது என்பது பிடிபடச் சில முறை எடுத்தது. பிடிபட்ட பிறகு கையை எடுக்கவே இல்லை. முற்றம் நேரே படலைக்குப் போகிறது. போனான். மருமகள் பின்னால் நடந்துகொண்டே "காணும், காணும், நில்லு" என்றாள். நிற்கவில்லை. முன் சில்லு படலையில் முட்டி மோட்டார் உறுமியது. அவள் பின் சுவிச்சை அமத்தி, காரைத் திருப்பி விறாந்தைக்கு இழுத்து வந்தாள். சுவிச்சை விட்டதும் அவன் திரும்பவும் புறப்பட்டான். இந்த முறை அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "சொல்வழி கேக்கமாட்டியோடா நீ? இஞ்சால வா!" என்று அடித்தொண்டையில் கத்தினாள். பக்கத்து வளவிலிருந்து ஆச்சி ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவன் படலையை முட்டிக்கொண்டு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏழு வருஷத்தில் அவனுக்கு யாரும் அப்படி ஏசியதில்லை. ஏசத் தேவை இருக்கவில்லை. சொல்வழி கேட்காமல் விடுவதற்கு முதலில் ஓரிடத்துக்குப் போக முடிய வேண்டும். தலையில் தூக்கி வைத்து, தடவிக் கொடுத்து, "பாவம் பிள்ளை" என்று கேட்டுப் பழகிய பெடியன் அன்றைக்கு முதல் தடவையாக ஒழுங்காக ஏச்சு வாங்கினான். அன்று மாலை மருமகள் படலைக்கு ஒரு கொளுவி போடச் சொன்னாள், வீதிக்குப் போய்விடுவான் என்று. அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த எரிச்சல், ஓடித் திரியும் பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் இருக்கிற எரிச்சல். அந்தக் கோடு கீறிய றோசன்பாமே 2012இல் கோர்ட்டர் என்பவரோடு சேர்ந்து, இந்தப் பிள்ளைகளுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று ஆறு விஷயங்களை எழுதினார்: செயற்பாடு, குடும்பம், உடல்வலு, குதூகலம், நண்பர்கள், எதிர்காலம். நடை தனியாக அதில் இல்லை.

அதற்காக நிற்பதையும் எட்டு வைப்பதையும் விட்டுவிடச் சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். எலும்பில் பாரம் ஏறுவது, மலச்சிக்கல் குறைவது எல்லாம் பிள்ளைக்கு நல்லது; கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது ஒரு நொடி காலில் நிற்க முடிவது தாயின் நாரியைக் காப்பாற்றும். பதினைந்து வயதுப் பிள்ளையைத் தனியே தூக்கிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். மருமகளின் மகன் இப்போதும் தினம் நிற்கும் சட்டத்தில் நிற்கிறான். அலுத்துக்கொண்டு, ஆனால் நிற்கிறான்.

துணி போர்த்திய சாமான்கள்

நான் "பொறுங்கோ" என்று சொல்வதற்கு இன்னொரு காரணம், நன்கொடையாக வந்து, நாடா வெட்டி, பெயர்ப்பலகை பூட்டி, கொஞ்சக் காலத்தில் துணி போர்த்திக் கிடக்கும் சாமான்களை நிறையப் பார்த்தவன் நான். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, அது ஒரு இடத்தில் மட்டும் நடந்ததும் இல்லை. பெரும்பாலும் யாருடைய குற்றமும் இல்லை. ஒரு சென்சர் போய்விடும். கொம்பனி ஆள் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். பயிற்சி எடுத்த ஊழியர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார், கடவுச்சொல் அவரோடு போயிருக்கும். 2022இல் ரூபா விழுந்தபோது, ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, வெளிநாட்டு உதிரிப்பாகம் என்ற பேச்சே சிரிப்புக்கிடமானது. வளரும் பிள்ளைகளுக்கான ரோபோ என்றால் இதற்கு மேல் இன்னொன்று: கால் நீளும் ஒவ்வொரு முறையும் பட்டி, மூட்டு, நீளம் எல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும். மோட்டாரின் மூட்டும் பிள்ளையின் மூட்டும் ஒரே அச்சில் நிற்காவிட்டால் தோல் உரியும், மூட்டு நோகும்.

இதே ஊரில் போர்க்காலத்திலிருந்து ஜெய்ப்பூர்க் கால் செய்து கொடுக்கிறார்கள். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் உருவாக்கிய கால். றப்பரும் அலுமினியமும், பிறகு பிளாஸ்ரிக் குழாயும். செருப்பில்லாமல் நடக்கலாம், சப்பணம் கட்டி இருக்கலாம், வயலில் இறங்கலாம். தேய்ந்தால் செய்தவரிடமே கொண்டுபோய்த் திருத்தலாம். அந்தக் கால் இத்தனை பேரைத் தாங்கியதற்கு அதன் எளிமை மட்டும் காரணமில்லை, அதைச் செய்யத் தெரிந்த கைகள் இங்கேயே இருந்தன. ரோபோவுக்கும் அப்படி இரண்டு கைகளை முதலில் உருவாக்குங்கள் என்பதுதான் என் வாதம். கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கு படிக்கும் இரண்டு பிள்ளைகளை இந்த வேலைக்குப் பழக்கினால், வரும் மெசின் துணிக்குள் போகாது.

இதையெல்லாம் சேர்த்துக் குழுவுக்கு நீளமாக ஒரு பதில் எழுதினேன். மெசின் வாங்குவதென்றால் ட்ரெக்சோ மாதிரி, தரையில் போவது, ஏற்கெனவே நடைச் சட்டத்தில் கொஞ்சமாவது எட்டு வைக்கும் பிள்ளைகளுக்கு. அதோடு ஐந்து வருஷத்துக்குத் திருத்தும் செலவு, ஒரு தொழில்நுட்பவியலாளரின் சம்பளம், தாய்மாருக்கு ஓட்டோக் காசு, மூன்றும் அதே வங்கிக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும். அது முடியாதென்றால் அந்தக் காசில் நல்ல நடைச் சட்டங்களும், பிள்ளையின் அளவுக்குச் செய்த சில்லு நாற்காலிகளும், பாதத்தாங்கிகளும், நான் மாற்றியது போன்ற கார்களும் வாங்கிப் பரவலாகக் கொடுக்கலாம். இன்னும் மிச்சம் வரும்.

பதில்கள் பலவிதம். விளையாட்டுக் காருக்கு எங்கே பெயர்ப்பலகை பூட்டுவது என்று ஒருவர் பகிடியாகக் கேட்டார். பகிடியில் பாதி உண்மை. லண்டனில் மருத்துவத் தாதியாக இருக்கும் ஒருவர் மட்டும் "ஓட்டோக் காசு மாசம் எவ்வளவு வரும், எழுதுங்கோ" என்று கேட்டிருந்தார். அவருக்கு மருமகளைக் கொண்டே கணக்கு எழுதி அனுப்பினோம். மிசிசாகாக்காரர் இன்னும் கோபமாக இருக்கிறார். ட்ரெக்சோ வந்தால் முதலில் பூட்டிப் பார்க்க ஓடப்போவது நான்தான் என்று அவருக்கு யாராவது சொல்லுங்கள்.

மற்றபடி, சிவப்புக் கார் இப்போது படுத்துவிட்டது. அவன் படலையை முட்டி முட்டியே கியரின் பிளாஸ்ரிக் பற்கள் தேய்ந்துவிட்டன. சண்டிலிப்பாயில் இன்னொரு பிள்ளைக்கும் கார் கேட்டிருக்கிறார்கள். கார் வைப்பர் மோட்டார் என்றால் உள்ளே இரும்பில் சுருள் கியர் இருக்கும், தாங்கும். பன்னிரண்டு வோல்ற், ஓடுகிற நிலையில், ஒரே மாதிரி இரண்டு வேண்டும். பழைய வான் உடைக்கிறவர்கள் யாரையாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.